உப்புக் குவியலும் ஒஸ்லோ விறகும்

போன ஜனவரியில் ஒரு இரவு, பாலாவியில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வீடியோ கோலில் கதைத்துக்கொண்டிருந்தோம். மறுபக்கத்தில் பெரியம்மாவின் மூத்த மகன். ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். அங்கே அன்றைக்கு மைனஸ் 18. இங்கே மின்விசிறி ஐந்தில் சுற்றியும் வியர்வை.

"வீட்டுக்குள்ள எப்பிடிடா இருக்கிறியள்?" என்று பெரியம்மா கேட்டார்.

"ஹீட் பம்ப் இருக்கம்மா. வெளியில இருக்கிற சூட்டை உள்ளுக்கு எடுத்துத் தரும்."

"வெளியில ஐஸ் எண்டு இப்பதானே சொன்னாய்?"

அண்ணா சிரித்தார். பிறகு கமெராவைத் திருப்பிக் காட்டினார். சுவரில் எங்களுடைய ஏசி மாதிரியே ஒரு பெட்டி. அதற்குப் பக்கத்தில், பழைய காலத்து இரும்பு அடுப்பு. உள்ளே விறகு எரிகிறது. இவ்வளவு பெரிய நாட்டில், இவ்வளவு காசு கொடுத்து வாங்கின மெசினுக்குப் பக்கத்தில் விறகடுப்பு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. "இதுதான் பேக்கப். இண்டைக்கு மாதிரி நாளில மெசின் மட்டும் காணாது" என்றார்.

அந்த "காணாது" என்ற சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதற்குப் பின்னால் போய்த் தேடினால், ஹீட் பம்ப்பின் கதை நான் நினைத்தபடி நோர்வேயின் பனியில் தொடங்கவில்லை. அது ஒரு உப்பளத்தில் தொடங்குகிறது. உப்பளம் என்றால் புத்தளத்துக்காரருக்கு இரத்தத்தில் ஊறின விஷயம். பெரியம்மாவின் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உப்புப் பாத்திகள். அதனால் இந்த வரலாற்றை இங்கிருந்தே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பிரிட்ஜின் முதுகு

முதலில் பெரியம்மாவின் கேள்விக்குப் பதில். வெளியில் ஐஸ் என்றால் சூடு எங்கே இருந்து வருகிறது?

பிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். உள்ளே வைத்த மீனிலும் தண்ணீரிலும் இருந்த சூடுதான் அது. பிரிட்ஜ் குளிரை "உற்பத்தி" செய்வதில்லை, உள்ளே இருந்த சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கற்பிட்டியில் மீனுக்குப் போடும் ஐஸைச் செய்கிற ஆலையும் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. ஏசியும் அப்படியே. இப்போது அந்த ஏசியைத் திருப்பிப் போட்டால், வெளியிலிருந்து அள்ளி உள்ளே கொட்டும். அதுதான் ஹீட் பம்ப்.

மைனஸ் 18 என்பது எங்களுக்குத்தான் கடும் குளிர். இயற்பியலுக்கு அது இன்னும் சூடுள்ள இடம். சூடே இல்லாத நிலை மைனஸ் 273இல்தான் வரும். வெளிக்காற்றை விடவும் குளிர்ந்த ஒரு வாயுவைக் குழாயில் ஓடவிட்டால், அந்தக் காற்றிலிருந்தும் அது சூட்டை உறிஞ்சும். பிறகு அதை அமுக்கினால் வெப்பநிலை ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப்பின் அடி சூடாவதைக் கண்டிருப்பீர்களே, அதே கதை. அந்தச் சூடு வீட்டுக்குள் இறங்கும்.

இதில் பெரிய லாபம் இருக்கிறது. ஒரு யூனிட் கரண்டை ஒரு சாதாரண ஹீட்டரில் போட்டால் ஒரு யூனிட் சூடுதான் வரும். ஹீட் பம்ப்பில் போட்டால், வெளியில் 7 பாகை அளவில் இருக்கும்போது மூன்று அல்லது நான்கு யூனிட் சூடு வரும். மிச்சம் காற்றிடம் இருந்து கடன். ஆனால் இது கடன் என்பதை மறக்கக்கூடாது. கடன் தருகிறவனின் கை எப்போது இறுகும்? எங்களுக்கு அதிகம் தேவைப்படுகிற நாளில்தான்.

1856: எபென்சே

கொள்கை அளவில் இந்த யோசனையை 1852இல் எழுதிவைத்தவர் வில்லியம் தொம்சன். பின்னால் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர். கட்டிடங்களைச் சூடாக்க இப்படி ஒரு இயந்திரம் செய்யலாம் என்று அவர் சொன்னார். ஆனால் செய்து பார்த்தவர் வேறொருவர்.

ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில் எபென்சே என்று ஒரு ஊர். அங்கே உப்பு மலைக்குள் இருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து, அந்த உப்புநீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து, பெரிய இரும்புத் தாச்சிகளில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். எங்களுக்கு இருக்கிற வெயில் அவர்களுக்கு இல்லை. எரித்துத்தான் ஆகவேண்டும். அந்த வட்டாரத்துக் காடுகள் நூற்றாண்டுக் கணக்காக உப்புக்காக எரிந்தன.

எவ்வளவு எரிக்கவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் கொதிநீரை முழுக்க ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புச் சத்து இருக்கிறது. அதில் நாங்கள் சோற்றுக்குப் போடும் உப்பு 27 கிராம் அளவுதான். அப்படியானால் ஒரு கிலோ உப்புக்கு 35 லிட்டர் அளவில் தண்ணீரை விரட்டவேண்டும். கடல்நீரை அடுப்பில் வைத்தே காய்ச்சுவதானால் ஒரு கிலோவுக்கு 20 யூனிட்டுக்கு மேல் போகும். எபென்சேயில் உப்புநீர் கடலைவிடப் பல மடங்கு அடர்த்தி. அதனால் செலவு இதைவிடக் குறைவு. அப்படி இருந்தும் காடு தாங்கவில்லை.

சுரங்கப் பொறியியலாளர் பீற்றர் ரிற்றர் பொன் றிட்டிங்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தாச்சியில் இருந்து எழும்புகிற ஆவியிலேயே அவ்வளவு சூடும் இருக்கிறது. அது சும்மா வானத்துக்குப் போகிறது. அந்த ஆவியைப் பிடித்து, தண்ணீர்ச் சக்கரத்தின் விசையால் அமுக்கி, அதன் வெப்பநிலையை உயர்த்தி, அதே தாச்சியின் அடியில் விட்டால்? விறகில்லாமல் உப்புக் காயும். 1856ஐ ஒட்டிய ஆண்டுகளில் எபென்சேயில் அதைக் கட்டிப் பார்த்தார். 14 கிலோவாட் அளவு. எரிபொருளில் 80 வீதம் மிச்சமாகும் என்பது அவருடைய கணக்கு. தொழில்நுட்ப வரலாற்றில் முதல் பெரிய ஹீட் பம்ப் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

மெசின் ஓடியது. ஆனால் தொடர்ந்து ஓடவில்லை. உப்பு இறுகிப் படிந்து வேலையைக் கெடுத்தது. பாத்தியில் வேலை செய்த எவரிடமும் முதலே கேட்டிருந்தால் உப்பின் இந்தக் குணத்தைச் சொல்லியிருப்பார்கள். அதே வழியில் ஒழுங்காக ஓடும் உப்பாலை 1870களின் கடைசியில்தான், சுவிற்சர்லாந்தின் பெக்ஸ் என்ற ஊரில் வந்தது. அதுவரைக்கும் பழைய விறகுத் தாச்சி அணையவில்லை.

முதல் ஹீட் பம்ப்புக்கே விறகுதான் பேக்கப்பாக நின்றிருக்கிறது. அண்ணாவின் வீட்டுச் சுவரோரம் நான் பார்த்த காட்சி புதிதில்லை.

எங்கட பாத்தி

இப்போது புத்தளத்துக்கு வருவோம். எபென்சே காடெரித்துச் செய்த வேலையை இங்கே வெயிலும் காற்றும் சும்மா செய்கின்றன. களப்பு நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, அடர்த்தியை ஏற்றி, கடைசிப் பாத்தியில் உப்பாக இறக்குகிறோம். கிலோவுக்கு 20 யூனிட் என்று மேலே சொன்னேனே, அதை ஒரு சதமும் வாங்காமல் சூரியன் கொடுக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் கொழும்பிலும் காலியிலும் மழை. புத்தளத்தில் மழை குறைவு, காற்றுப் பலம். ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை உப்புக்குப் பொன்னான காலம்.

ஆனால் இந்தக் கடனும் நிச்சயமில்லாத கடன்தான். ஒக்டோபர் பிறந்தால் மழை. சில வருஷம் எதிர்பாராத நேரத்திலும் பெய்யும். ஒரு இரவு மழை பல வார வேலையைக் கரைத்துவிடும். பாத்தியில் மழைக்கு மாற்று அடுப்பு கிடையாது. அப்படியானால் பேக்கப் எது?

குவியல்தான். நல்ல மாதங்களில் வாரின உப்பைக் கூம்பாகக் குவித்து, மேலே கிடுகு வேய்ந்து மூடிவைப்பது. சின்ன வயதில் அந்தக் குவியல்களை நான் ஏதோ குடிசைகள் என்று நினைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது போன பருவத்து வெயில். மழை வரும்போது அந்த வெயிலைத்தான் ஊர் தின்னும்.

இதே தர்க்கம் மீனிலும் இருக்கிறது. ஐஸ் ஆலைக்குக் கரண்ட் இல்லாவிட்டால், அல்லது ஒரே நாளில் கரைவலை நிறைய விழுந்துவிட்டால், மீன் கருவாட்டுக்குப் போகும். ஐஸுக்குக் கரண்ட் வேண்டும். கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் போதும். இரண்டும் வேறு வேறு வேர். ஒன்று பட்டால் மற்றது நிற்கும். அடுத்து வருகிற எல்லாவற்றையும் இந்த வேர்க்கணக்கால்தான் அளக்கப்போகிறேன்.

குவியல் யார் கையில்?

மலைநாட்டில் கடல் இல்லை. கண்டி இராச்சியத்துக்கு உப்பும் கருவாடும் கரையில் இருந்துதான் போகவேண்டும். பொதிமாடுகளில் ஏற்றி, கூட்டமாகக் காட்டுவழி போகிற அந்தப் பயணத்துக்குத் தவளம் என்று பெயர். புத்தளம் கண்டியின் முக்கியமான வாசல்களில் ஒன்று.

ஒல்லாந்தர் 1659இல் கற்பிட்டியைப் பிடித்தார்கள். 1667இல் தொடங்கி அங்கே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் நிற்கிற அந்தக் கோட்டை களப்பின் வாயைக் காக்கிற மாதிரி இருப்பது தற்செயல் இல்லை. களப்புக்குள் என்ன போகிறது, என்ன வருகிறது என்று பார்க்கக்கூடிய இடம் அது. பீரங்கி சுடாமலே மலைநாட்டை நெருக்க ஒரு வழி அவர்களுக்குக் கிடைத்தது.

1760களில் ஒல்லாந்தருக்கும் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனுக்கும் நடந்த போர் 1766 பெப்ரவரியில் ஒப்பந்தத்தோடு முடிந்தது. தீவைச் சுற்றியிருந்த கரை முழுக்க ஒல்லாந்தர் கைக்குப் போனது. அந்த ஒப்பந்தத்தில், கண்டியின் மக்கள் சிலாபம், புத்தளம் பக்கத்திலும் கிழக்குக் கரையிலும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் இருந்தது. படிக்க நல்ல சலுகை போலத்தான் தெரியும். யோசித்தால் வேறுமாதிரி. மேற்கே அடைத்தால் கிழக்கே போகலாம் என்பதுதான் அதுவரை கண்டியின் பேக்கப். 1766க்குப் பிறகு மேற்கும் கிழக்கும் ஒரே ஆளின் கை. வழி இரண்டு, சாவி ஒன்று.

ஆங்கிலேயர் வந்து இதை இன்னும் இறுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். பாத்தியில் வேர்வை சிந்தி உப்பை விளைவித்தவர் அதை அரசாங்கம் வைத்த விலைக்கு அரசாங்கக் களஞ்சியத்திலேயே ஒப்படைக்கவேண்டும். அனுமதியில்லாமல் உப்பு எடுத்தால் குற்றம். கடலுக்கு முன்னால் குடியிருக்கிறவன் கடல் கொடுத்ததைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். 1930இல் காந்தி தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்தது இந்த அநியாயத்துக்கு எதிராகத்தான். எங்களுடைய கரையிலும் அதே சட்டத்தின் நிழல் இருந்தது.

இந்தக் காலத்துக்கு எங்களிடம் ஒரு சாட்சி இருக்கிறார். சைமன் காசிச்செட்டி, 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். 1834இல் இலங்கை முழுவதற்கும் ஒரு 'கசற்றியர்' தொகுத்தார். 1859இல் 'தமிழ் புளூட்டாக்' எழுதினார். புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் அவரைத் தமிழ்ப்புலவர் வரலாறு எழுதினவர் என்று மட்டும் படித்தோம். உப்பும் கருவாடும் தவளமும் அதிகாரமும் சந்திக்கிற ஒரு ஊரில் வளர்ந்து, ஊர் ஊராக இடங்களைப் பட்டியல் போட்ட மனிதர் என்றும் அவரைப் படிக்கலாம்.

வீட்டுக்குள் வந்த மெசின்

ஹீட் பம்ப் மனிதர் இருக்கிற கட்டிடத்தைச் சூடாக்கத் தொடங்கியதற்கு நல்ல உதாரணம் சூரிச் நகரசபைக் கட்டிடம். 1938இல் அங்கே பொருத்தினார்கள். கட்டிடத்துக்குக் கீழே லிம்மாற் ஆறு ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் இருந்து சூட்டை எடுத்தார்கள். அறைகளில் இருந்த விறகடுப்புகள் போயின. சுவிற்சர்லாந்தில் நிலக்கரி கிடையாது. இரண்டாம் உலகப்போர் வரப்போகிற நேரத்தில், இறக்குமதிக் கரியை நம்பாமல் ஆற்றுநீரையும் மலைநீர் மின்சாரத்தையும் நம்புவது அந்த நாட்டுக்குப் புத்தியான காரியம். அங்கேயும் குளிர் உச்சத்துக்குப் போகிற நேரத்துக்கென்று மின்சூடாக்கி ஒன்றைத் துணைக்கு வைத்திருந்தார்கள்.

ஏன் துணை வேண்டும்? இதற்கு எளிய கணக்கு போதும். வீட்டுக்குள் 20 பாகை வேண்டும் என்று வைப்போம். வெளியில் 5 என்றால் வித்தியாசம் 15. வெளியில் மைனஸ் 10 என்றால் வித்தியாசம் 30. வீடு இழக்கிற சூடு இரண்டு மடங்கு. அதே நேரம், வெளிக்காற்று குளிரக் குளிர ஹீட் பம்ப் அள்ளித் தரக்கூடிய சூடு குறைந்துகொண்டே வரும். ஒரு யூனிட்டுக்கு நான்கு தந்தது, மைனஸ் 15 அளவில் இரண்டுக்குக் கிட்ட இறங்கும். தேவை ஏறுகிற கோடும், வரவு இறங்குகிற கோடும் ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த வெப்பநிலைக்குக் கீழே மெசின் தனியாக வீட்டைத் தாங்காது. இப்போது வருகிற குளிர்நாட்டு மாதிரிகள் மைனஸ் 25 வரைக்கும் ஓடும். ஆனால் ஓடுவது வேறு, போதுமான அளவு தருவது வேறு.

அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பேக்கப் சூடு. பொதுவாக மூன்று வகை. ஒன்று, மெசினுக்குள்ளேயே இருக்கிற மின்கம்பிச் சூடாக்கி. இரண்டு, காஸ் அல்லது எண்ணெய் உலை. மூன்று, விறகடுப்பு.

அண்ணா முதல் குளிர்காலத்தில் முதலாவது வகையிடம் நல்லாக வாங்கிக்கட்டினார். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வேலைக்குப் போகும்போது வெப்பநிலையை 15க்கு இறக்கிவிட்டு, பின்னேரம் வந்ததும் 22க்கு ஏற்றுவாராம். ஒரேயடியாக ஏழு பாகை ஏற்றச் சொன்னால், மெசின் தன்னால் முடியாது என்று கண்டு மின்கம்பியைக் கூப்பிட்டுவிடும். ஒன்றுக்கு ஒன்று தருகிற கம்பி. பில் வந்ததும் பெரியம்மாவுக்குக் கோல் எடுத்து ஒரு மணித்தியாலம் புலம்பினார். பொருத்திக் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அவருடைய ஆத்திரம். இப்போது இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே அளவில் விடுகிறார். இரண்டு பாகைக்கு மேல் இறக்குவதில்லை.

குளிர்நாட்டுக்குப் படிக்க, வேலைக்குப் போகிற நண்பர்கள் இதை வாசித்தால் இன்னும் சிலது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'எமர்ஜென்சி ஹீட்' என்று ஒரு பட்டன் இருந்தால், அது மெசின் பழுதானால் மட்டும் அழுத்துவதற்கு. அதிகம் குளிருது என்று அழுத்தினால் ஹீட் பம்ப் நின்று, செலவுகூடின கம்பி மட்டும் எரியும். வெளிப்பெட்டியில் பனி படிந்தால் மெசின் தானே கொஞ்ச நேரம் திரும்பி ஓடி அதை உருக்கும். அப்போது எழும்புகிற ஆவியைப் புகை என்று பயப்படவேண்டாம். பெட்டியைச் சுற்றிப் பனி குவியவிடாதீர்கள். முக்கியமாக, கரண்ட் போய்விட்டது என்று கரியடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. தூக்கத்திலேயே கொல்லும்.

ஒரே கயிறு

2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லவேண்டும். வழக்கத்தில் இல்லாத கடுங்குளிர். அங்கே மிகப் பல வீடுகளுக்குச் சூடு கரண்டில்தான். குளிர் கூடினதும் ஹீட் பம்ப்புகளின் மின்கம்பிகளும் சாதாரண ஹீட்டர்களும் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கின. அதே குளிர் காஸ் குழாய்களையும் மின்நிலையங்களையும் உறையவைத்தது. 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கட்டிடங்களும் இருண்டன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் செத்தார்கள். குளிரில் விறைத்தவர்கள் அதிகம். சூட்டுக்காகக் கரியும் ஜெனரேட்டரும் வைத்து நச்சுவாயுவில் செத்தவர்களும் அதில் உண்டு.

அந்த வீடுகளில் பலவற்றில் பேக்கப் இருந்தது. ஆனால் மெசினும் பேக்கப்பும் ஒரே கயிற்றில் தொங்கின. கயிறு அறுந்தது, இரண்டும் விழுந்தன.

நோர்வேக்காரர் இதைப் பழைய அனுபவத்தில் படித்தவர்கள். வீடுகளில் ஹீட் பம்ப் மிக அதிகம் உள்ள நாடுகளில் அது ஒன்று. 2020 ஜனவரி முதல் எண்ணெய் எரித்துக் கட்டிடங்களைச் சூடாக்குவதைத் தடைசெய்துவிட்டார்கள். அப்படியிருந்தும், சின்ன வீடுகள் கட்டும்போது புகைபோக்கி வைக்கவேண்டும் என்பது அவர்களுடைய கட்டிட விதியில் இன்னும் இருக்கிறது. சில விலக்குகள் உண்டு. ஆனால் பொதுவிதி அதுதான். கரண்ட் கம்பி அறுந்தாலும் விறகு எரியும். வேறு வேர்.

எங்களுக்கு வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் ஒரே கயிறு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. சரி, காஸ் அடுப்பு? காஸ் இல்லை. ஜெனரேட்டர்? டீசல் இல்லை. மண்ணெண்ணெய்? அதற்கும் வரிசை. கற்பிட்டிப் பக்கம் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. நான்கு பொருள், நான்கு கடை என்று நினைத்திருந்தோம். எல்லாம் டொலர் என்கிற ஒரே கயிற்றில் தொங்கியது அன்றைக்குத்தான் வெளித்தது. பெரியம்மா பின்வளவில் மூன்று கல் வைத்துத் தென்னமட்டையில் சோறாக்கினார். அந்த அடுப்பை அவர் இன்னும் கலைக்கவில்லை.

இரண்டு குவியல்கள்

கற்பிட்டி வீதியில் போனால் நுரைச்சோலையின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். 2006இல் கட்டத்தொடங்கி, முதல் 300 மெகாவாட் 2011 மார்ச்சிலும், முழு 900 மெகாவாட்டும் 2014இலும் தேசிய வலையமைப்புக்கு வந்தன. அதன் வரலாற்றுக் காரணமும் பேக்கப்தான். நாடு தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஏறக்குறைய முழுக்கவே நீர்மின்சாரத்தை நம்பியிருந்தது. 1996 வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளைக்கு 8 மணித்தியாலம் வரை இருட்டு. வெயில் கூடி மின்விசிறி தேவைப்படுகிற காலத்திலேயே மழையும் இல்லை, கரண்டும் இல்லை. தேவை ஏறவும் வரவு இறங்கவும் வெட்டிக்கொள்கிற அதே இரண்டு கோடுகள்.

மழைக்கு மாற்றாக வந்த நிலக்கரி இப்போது நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பேக்கப்பாக வந்தது முதுகெலும்பாகிவிட்டது. அதனால் அதற்கே இப்போது பேக்கப் தேவை. 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டி உபமின்நிலையக் கோளாறில் நாடு முழுக்க இருண்டது. நுரைச்சோலை நின்றுபோனால் உடனே எழும்பாது. அந்தப் பெரிய அடுப்பைத் திரும்ப மூட்டுவதற்கே வெளியில் இருந்து கரண்ட் வரவேண்டும். நாட்கள் எடுத்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையும் மூன்று இயந்திரங்களும் ஒன்றாக நின்றன. பிறகு சுழற்சிமுறையில் மின்வெட்டு.

இந்தக் கரையில் இப்போது இரண்டு குவியல்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. நிலக்கரிக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது வந்து இறக்கமுடியாது. அதனால் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையிலேயே இறக்கிக் குவித்துவைக்கவேண்டும். உப்புக்காரர் குவிக்கிற மாதங்களில் கரிக் குவியல் கரையும். கரி குவிகிற மாதங்களில் உப்பு மழைக்குப் பயந்து கிடுகுக்குள் இருக்கும். ஒரே காற்று இரண்டு குவியலையும் ஆளுகிறது. வித்தியாசம் என்னவென்றால், வெள்ளைக் குவியலின் பேக்கப் இந்த மண்ணில் விளைவது. கறுப்புக் குவியல் டொலரில் வருவது. அதன் தூசும் சாம்பலும் மட்டும் இந்தக் கரைக்குச் சொந்தம். பக்கத்துத் தோட்டக்காரர் வெங்காயத்திலும் மிளகாயிலும் படிகிறது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பேக்கப்பின் வெளிச்சம் நாட்டுக்கு, அதன் பாரம் ஒரு ஊருக்கு.

வெள்ளைக் குவியலாவது எங்களைக் கைவிடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மழை பருவம் தப்பிப் பெய்ததில் 2025இல் உப்பும் தட்டுப்பட்டது. மே மாதம் கடைகளில் பக்கற் உப்புக்கு ஆட்கள் அலைந்தார்கள். உப்பு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. புத்தளம் சந்தியில் நின்று இந்திய உப்பு வாங்குவது என்ன உணர்வு என்று இங்கே பிறந்த ஆட்களிடம் கேளுங்கள். அம்பாந்தோட்டையிலும் பெய்தது, புத்தளத்திலும் பெய்தது. ஒரு மழைக்கு எல்லாப் பாத்தியும் ஒரே கயிறுதான். அந்த மழையைக் கடக்கிற அளவுக்கு முந்தின வருஷங்களின் குவியல் எங்களிடம் இல்லை.

மாம்புரியில் 2010இல் இருந்து காற்றாலைகள் சுற்றுகின்றன. உப்பைக் காய வைக்கிற அதே காற்று. நல்ல விஷயம்தான், இன்னும் வரவேண்டும். ஆனால் காற்றும் கடன் தருகிற ஆள்தான். அது நின்ற நாளுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்ற கேள்வியைக் காற்றாலை கட்டுகிற நாளிலேயே கேட்கவேண்டும், இருட்டின பிறகு இல்லை.

அன்றைக்கு இரவு கோலை வைக்கமுதல் பெரியம்மா அண்ணாவிடம் கடைசியாகக் கேட்டது ஹீட் பம்ப்பைப் பற்றி இல்லை.

"விறகு காணுமாடா?"

"ஏப்ரல் மட்டும் காணும் அம்மா. கோடையிலயே வெட்டி அடுக்கிட்டன்."

பெரியம்மா தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் போய்ப் படுத்தார்.